மூட்டை கட்டுவதற்கு முன் கணக்குப் போடுவோம்

(தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நடந்த மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டுக் களைப்போடு வந்திருக்கிறீர்கள். உங்களை அதிக நேரம் வைத்திருக்க மாட்டோம்.

எங்களிடம் வருகிறவர்களில் பலர் இப்போது கேட்பது ஒரே கேள்விதான். "ஐயா, குடும்பத்தோட வெளியே போயிடலாமுன்னு பாக்குறோம். கொழும்பு நல்லதா, கல்முனை நல்லதா?" போங்கள் என்றோ, போகாதீர்கள் என்றோ நாங்கள் சொல்ல மாட்டோம். கணக்குப் பார்த்துப் போங்கள் என்றுதான் சொல்வோம்.

முதலில் இங்குள்ள கணக்கு. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. உதாரணத்துக்கு அதையே எடுப்போம். 25 நாள் பேர் விழுந்தால் 33,750 ரூபாய். சேமலாப நிதிக்கு நம்மிடம் நூற்றுக்கு 8 பிடிக்கிறார்கள், அது 2,700. கைக்கு வருவது 31,050. ஆனால் தோட்டம் தன் பங்காகச் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 12, நம்பிக்கை நிதிக்கு நூற்றுக்கு 3 கட்டுகிறது. அது 5,062 ரூபாய் 50 சதம். இது கண்ணில் படாத பணம். உங்கள் சம்பளத் துண்டில் உள்ள தொகையைப் போட்டு நீங்களே பாருங்கள்.

காசாக வராத வரும்படியும் உண்டு. காம்பிராவுக்கு வாடகை இல்லை. விறகு மலையில் கிடைக்கிறது. பிள்ளையைப் பார்க்க இந்த நிலையம் இருக்கிறது. டவுனில் இவை எல்லாவற்றுக்கும் காசு.

இரண்டாவது, பத்திரிகைக் கணக்கு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 என்று வந்தது. கல்முனையை விடக் கொழும்பில் அவ்வளவு விலை கூட என்று சிலர் நினைத்துவிட்டார்கள். அப்படியல்ல. அந்த இலக்கம் கொழும்பின் விலையை, ஒரு வருடத்துக்கு முந்திய கொழும்பின் விலையோடுதான் ஒப்பிடுகிறது. ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிடுவதில்லை. 2024 செப்டெம்பரில் அதே இலக்கம் பூச்சியத்துக்குக் கீழே 0.5 ஆனது. அதற்காகச் சாமான்கள் பழைய விலைக்குத் திரும்பிவிடவில்லை. ஆகவே இரண்டு ஊரை ஒப்பிட வேண்டுமானால் நாமே போய் விலை கேட்க வேண்டும்.

நாங்கள் கல்முனைக்குப் போய்ச் சந்தையிலும் கடைகளிலும் விசாரித்து வந்தோம். கடற்கரை ஊர் என்பதால் மீன் தோணியிலிருந்து நேரே வருகிறது. சுற்றிலும் வயல், அரிசிக்குக் குறைவில்லை. ஆனால் கரட், லீக்ஸ் எல்லாம் நம்முடைய மலையிலிருந்துதான் அங்கே போகின்றன. லொறிக் கூலியும் அந்த விலையில் ஏறிவிடுகிறது. மார்கழி, தை மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் மீனும் விலை ஏறும். ஆகவே ஒரு நாள் விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது.

வாடகை மலிவு என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வோம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை எல்லாம் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயல். நடுவே ஒடுங்கிய நிலத்தில் சனம் நெருங்கி வாழ்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கரையோர வீடுகள் ஏராளமாக அழிந்த இடம் அது. காணியும் வீடும் அங்கே அருமை. அறை வாடகைக்குக் கொடுக்கும் ஓர் உம்மா எங்களிடம் சொன்னார்: "மகன், வாடகைய மட்டும் கேட்டுட்டுப் போகாதீங்க. கச்சான் காத்து அடிக்கிற நாளையில ஃபேன் இல்லாம ராவைக்குப் படுக்க ஏலாது. கரண்டு பில்லையும் சேத்துப் பாருங்க." குளிரில் வாழ்ந்த நமக்கு இந்தச் செலவு நினைவிலேயே வராது.

அரசாங்கப் பாடசாலையும் ஆஸ்பத்திரியும் இரண்டு ஊரிலும் இலவசம். தமிழில் படிக்கப் பள்ளிகளும் உண்டு. அதில் பயமில்லை.

இப்போது இரண்டு குடும்பங்களைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் வேண்டாம்.

ஒரு தம்பி கலியாணத்துக்கு முன் கல்முனையில் ஒரு புடவைக் கடையில் சேர்ந்தார். சாப்பாடும் படுக்கையும் கடையிலேயே. நோன்புப் பெருநாள் வியாபாரத்தில் மேலதிக வேலையும் கிடைத்தது. மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார். தனி ஆளாகப் போனபடியால் அவருடைய கணக்குச் சரிவந்தது.

இன்னொரு குடும்பம் கொழும்புக்குப் போனது. கணவனின் சம்பளம் இங்கே அவர் எடுத்ததை விட நல்ல கூடத்தான். ஆனால் இங்கே இரண்டு பேர் உழைத்தார்கள். அங்கே கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லாமல் தாய் வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஒரு சம்பளத்தில் வாடகை, கேஸ், பஸ் காசு எல்லாம். 2022 இல் விலையெல்லாம் ஏற, வேலை செய்த கடையும் மூடப்பட்டது. திரும்பி வந்தபோது செக்ரோலில் பெயர் இல்லை, காம்பிராவும் இல்லை. அண்ணன் வீட்டு இஸ்தோப்பில் பல மாதம் படுத்தார்கள். அந்தத் தாய் எங்களிடம், "சம்பளத்த மட்டுந்தாங்க ஐயா எண்ணினோம், வேற ஒண்ணையும் எண்ணல" என்று சொன்னாள். இந்தக் கூட்டத்தைக் கூட்டியதே அந்த வார்த்தைக்காகத்தான்.

ஆகவே நாங்கள் சொல்வது இவ்வளவுதான். ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள்: தோட்டம், கல்முனை, கொழும்பு. வாடகை, முற்பணம், அரிசி, மீன், மரக்கறி, கேஸ், கரண்டு, தண்ணீர், பஸ், தீபாவளிக்கும் இழவு வீட்டுக்கும் ஊர் வந்து போகும் செலவு, எல்லாவற்றையும் எழுதுங்கள். எத்தனை பேர் உழைக்க முடியும் என்றும் எழுதுங்கள். வேலை தருகிறவரிடம் சேமலாப நிதி கட்டுவாரா என்று கேளுங்கள். முதலில் ஒருவர் மட்டும் போய் மூன்று மாதம் இருந்து பார்க்கட்டும். போவதற்கு முன் பெயரும் காம்பிராவும் என்ன ஆகும் என்று தோட்ட ஒபிஸில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சேமலாப நிதி இலக்கத்தையும் பிள்ளையின் விடுகைப் பத்திரத்தையும் பத்திரப்படுத்துங்கள். அஸ்வெசும எடுப்பவர்கள் விலாசம் மாறுவதைக் கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள்.

எழுதத் தெரியாதவர்கள் கூச்சப்பட வேண்டாம். கொப்பியோடு எங்களிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம். மூன்று நிரலையும் கூட்டிப் பார்த்தபின் போகிறவர்கள் தைரியமாகப் போகலாம். இருக்கிறவர்கள் மனக்குறை இல்லாமல் இருக்கலாம்.