புரோட்டீனுக்கு விலாசம் எழுதுவது யார்?

(பழைய மாணவர் சங்கக் கூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மெக்கானிக்கல் படித்துப் போனவன் உயிரியல் பேச வந்திருக்கிறானே என்று சிலர் நினைக்கலாம். பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற கூடங்களுக்குக் கன்வேயர் அமைத்துக் கொடுப்பது என் தொழில். பொருள் சரியான வாசலுக்குப் போய்ச் சேரணும், அவ்வளவுதான் என் பிழைப்பு. இதே வேலையை நம் உடம்பு எப்படிச் செய்கிறது என்று படிக்கப் போய், அதிலேயே மூழ்கிவிட்டேன். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். கடைசியில் சங்கத்துக்கு ஒரு கோரிக்கையும் உண்டு.

நம் செல்களில் லட்சக்கணக்கில் ரைபோசோம்கள் இருக்கின்றன. ஆர்.என்.ஏ.வில் எழுதியிருக்கும் செய்தியைப் படித்து, அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கோத்துப் புரோட்டீன் செய்யும் இயந்திரம் இது. இயந்திரம் என்று நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. நம் ரைபோசோமில் சுமார் 80 புரோட்டீன் பாகங்களும் 4 ஆர்.என்.ஏ. இழைகளும் உண்டு. கோத்த சங்கிலி, சுமார் 10 நானோமீட்டர் நீளமுள்ள ஒரு சுரங்கம் வழியாக வெளியே வருகிறது.

சரி, வெளியே வந்த புரோட்டீன் எங்கே போகணும் என்று யார் சொல்வது? இன்சுலின் ரத்தத்துக்குப் போகணும். இன்னொன்று செல்லுக்குள்ளேயே இருக்கணும். ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் குந்தர் புளோபெல், டேவிட் சபாட்டினி என்ற இருவர் 1971இல் ஒரு ஊகம் சொன்னார்கள். விலாசம் புரோட்டீனிலேயே, அதுவும் முன்முனையிலேயே எழுதியிருக்கிறது என்பதுதான் அது. அப்போது அதற்கு நேரடிச் சான்று கிடையாது. 1975இல்தான் புளோபெல்லும் டாபர்ஸ்டைனும் சோதனைச் சான்றோடு வந்தார்கள். 1999இல் புளோபெல்லுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு எஞ்சினியராக என்னை அசத்தியது இந்த இடம்தான். எங்கள் கூடத்தில் பார்சல் முழுசாகக் கட்டி முடித்து, லேபிள் ஒட்டிய பிறகுதான் கன்வேயரில் ஏறும். செல்லிலோ, பொருள் பாதி செய்யும்போதே விலாசம் முதலில் வெளியே நீட்டிக்கொண்டு வருகிறது! எஸ்.ஆர்.பி. என்ற ஒரு சுமைதூக்கி அதைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததும் உற்பத்தியின் வேகம் குறைகிறது. பிறகு ரைபோசோமையே எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தின் சவ்வுக்குக் கூட்டிப்போய், அங்குள்ள வாசலில் பொருத்திவிட்டு எஸ்.ஆர்.பி. விலகிவிடும். மீதிச் சங்கிலி அந்த வாசல் வழியாகவே உள்ளே போகும். விலாசச் சீட்டு கத்தரிக்கப்பட்டுவிடும். இன்சுலினுக்கு இந்தச் சீட்டு 24 அமினோ அமில நீளம்.

ஆனால் ரைபோசோம்களோடு ஒப்பிட்டால் எஸ்.ஆர்.பி. எண்ணிக்கையில் மிகக் குறைவு. விலாசம் இல்லாத ரைபோசோமிலும் அது ஒட்டக்கூடியது. அப்படியிருக்க, சரியான ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதற்குப் பதில் சொல்ல, இயந்திரத்தையே கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

ரைபோசோமைப் படிகமாக்கவே முடியாது என்று பலர் சொன்ன காலத்தில், அடா யோனத் 1980இல் படிகம் வளர்த்துக் காட்டினார். அணு அளவில் துல்லியமான படங்கள் வர 2000 ஆகிவிட்டது. பெரிய பாதியின் படத்தை வெளியிட்ட யேல் குழுவில் முன்னணியில் உழைத்தவர் குரோஷியாவில் பிறந்த நெனாட் பான். சிறிய பாதியை ஆராய்ந்தவர்களில் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் ஒருவர். அவர் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு, மறுபடி மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தவர். 2009இல் யோனத், ஸ்டைட்ஸ், ராமகிருஷ்ணன் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இப்படிப்பட்ட படங்களில் புரோட்டீன் பகுதி சரிதானா என்று சோதிக்க உலகம் முழுதும் பயன்படும் வரைபடம், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963இல் தந்தது.

நெனாட் பான் சூரிச்சுக்குப் போய், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் உறைநிலைப் படம் எடுக்கும் முறையால் மேலே சொன்ன கேள்வியைப் பிடித்தார். 2022இல் பிற குழுக்களோடு சேர்ந்து அவர் வெளியிட்ட விடை இது: சுரங்க வாயிலில் என்.ஏ.சி. என்ற காவல்காரர் உட்கார்ந்திருக்கிறார். விலாசம் இல்லாத சங்கிலி வந்தால் எஸ்.ஆர்.பி.யை நெருங்க விடமாட்டார். சரியான விலாசம் வந்தால் நகர்ந்து வழிவிட்டு, தன் நீண்ட கையால் எஸ்.ஆர்.பி.யைப் பிடித்து இழுத்தும் கொடுக்கிறார்.

இதெல்லாம் தெரிந்து என்ன லாபம் என்று கேட்கலாம். இன்சுலினின் விலாசச் சீட்டில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் பரம்பரையாகச் சர்க்கரை நோய் வந்த குடும்பங்கள் உண்டு. ஆக்சலேட் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஒரு பிறவி நோயில், சிலருக்கு ஈரலின் நொதி ஒன்று பெராக்சிசோமுக்குப் போகாமல் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்விடுகிறது. இது வேறு வழித்தடம்தான். ஆனாலும் வேலை செய்யக்கூடிய நொதி இடம் மாறிப் போனதால் ஒரு குழந்தையின் சிறுநீரகமே போய்விடுகிறது.

தம்பி தங்கைகளே, 1971இல் ஊகம். 2022இல் காவல்காரரின் படம். இடையில் 51 வருடம். எல்லாரும் ஆராய்ச்சிக்குப் போங்கன்னு நான் சொல்லலே. வீட்டு நிலைமை எனக்கும் தெரியும். நானும் பட்டம் வாங்கின கையோடு சம்பளத்துக்குப் போனவன்தான். ஆனா உங்களில் ஓரிருவருக்கு ஒரு கேள்வி மனசை விட்டுப் போகாமல் இருந்தால், பலன் எப்போன்னு கேட்கிறவங்களுக்காக அதை விட்டுடாதீங்க.

இனி அந்தக் கோரிக்கை. சங்க நிதியில் நுழைவாயில் வளைவு கட்டலாம் என்று பேச்சு நடக்கிறது. வளைவு அழகாகத்தான் இருக்கும். அதை இரண்டு வருடம் தள்ளிவைத்துவிட்டு, அந்தப் பணத்தில் கோடை விடுமுறையில் நல்ல ஆராய்ச்சிக்கூடங்களுக்கு நம் மாணவர்களை அனுப்பலாமே! ரயில் செலவு, மெஸ் செலவு கொடுத்தால் போதும். துறை எதுவானாலும் பரவாயில்லை. முதல் பங்காக என் ஒரு மாதச் சம்பளத்தைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். மற்றதை அண்ணன்மார்களும் அக்காமார்களும் பொதுக்குழுவில் பேசி முடிவு செய்யுங்கள்.