மரைன் கமாண்டோ ஆக விரும்பும் பிள்ளைகளும் பெற்றோரும்

(சங்கத்தின் டெல்லிக் கிளை மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் பாதுகாப்பு அமைச்சகத்தில் சிவில் ஊழியனாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். சீருடை அணிந்தவன் அல்ல. ஆனாலும் வீட்டில் பிள்ளை ராணுவம், கடற்படை என்று பேச்செடுத்தால், "அந்த மாமாவைப் போய்ப் பார்" என்று என்னிடம் அனுப்பி விடுகிறார்கள். அண்மைக் காலமாக வரும் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மாமா, மார்கோஸில் சேர அப்ளிகேஷன் எங்கே கிடைக்கும்?"

மார்கோஸ் என்பது இந்தியக் கடற்படையின் மரைன் கமாண்டோ படை. 1987-ல் தொடங்கப்பட்டது. இந்தக் கேள்வி இப்போது அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. சோமாலியக் கொள்ளையர் பிடித்து வைத்திருந்த 'ரூயன்' என்ற சரக்குக் கப்பலை 2024 மார்ச் மாதம் நம் கடற்படை மீட்டது. நம் கரையிலிருந்து சுமார் 2,600 கிலோமீட்டர் தொலைவில் நடந்த நடவடிக்கை அது. சி-17 விமானத்திலிருந்து கமாண்டோக்கள் கடலில் குதித்தார்கள். 35 கொள்ளையர் சரணடைந்தார்கள். 17 மாலுமிகள் காயமின்றி மீண்டார்கள். தொலைக்காட்சியில் இதைப் பார்த்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஆசை வருவது இயற்கை. அந்த ஆசையைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை.

கேள்விக்கு என் பதில் ஒன்றுதான். அப்படி ஒரு அப்ளிகேஷனே கிடையாது. வெளியிலிருந்து யாரும் நேரடியாக மார்கோஸில் சேர முடியாது. முதலில் கடற்படையில் அதிகாரியாகவோ மாலுமியாகவோ சேர வேண்டும். அதன் பிறகு, "நான் வருகிறேன்" என்று தானாக முன்வந்து பெயர் கொடுக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை நன்றாகப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கடற்படைக்குள் நுழையும் வழிகளைப் பார்ப்போம். அதிகாரியாக வேண்டுமானால், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்.டி.ஏ. தேர்வு இருக்கிறது. ஷாஜஹான் ரோட்டிலுள்ள நம் யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. கடற்படைக்குப் பௌதிகமும் கணிதமும் படித்திருப்பது அவசியம். 2021-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு பெண்களும் இத்தேர்வை எழுதுகிறார்கள். முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்தார்கள். இரண்டாவது வழி பி.டெக். கேடட் என்ட்ரி. ஜே.ஈ.ஈ. மெயின் தரவரிசையை வைத்து அழைப்பார்கள். கேரளத்தில் எழிமலையிலுள்ள கடற்படை அகாடமியில் அரசாங்கச் செலவிலேயே பி.டெக். படிக்கலாம். எப்படியும் ஜே.ஈ.ஈ. கோச்சிங்கிற்கு அனுப்புகிற நம் வீடுகளில் இந்த வழியை அறிந்தவர்கள் மிகக் குறைவு. பட்டம் பெற்றவர்களுக்கும் வேறு வழிகள் உண்டு.

எந்த வழியில் போனாலும் ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. தேர்வைத் தாண்ட வேண்டும். அங்கே பிள்ளையின் மார்பில் ஒரு எண்ணைக் கட்டிவிடுவார்கள். அந்த ஐந்து நாளும் அவனுக்கு அதுதான் பெயர். அப்பா யார், எந்த ஊர், என்ன கோத்திரம் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

மாலுமியாகச் சேர இப்போதுள்ள வழி 2022-ல் வந்த அக்னிபத் திட்டம். வயது பதினேழரையிலிருந்து 21-க்குள். பணிக்காலம் நான்கு ஆண்டு. அது முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாக எடுத்துக் கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயுடன் வீடு திரும்புவார்கள். பயிற்சி ஒடிஷாவிலுள்ள ஐ.என்.எஸ். சில்காவில். இதில் பெண்களுக்கும் இடம் உண்டு. பிள்ளைக்குப் பதினெட்டு நிறையவில்லை என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும்.

இனி மார்கோஸ். பெயர் கொடுத்தவர்களை முதலில் மூன்று நாள் சோதிப்பார்கள். பெரும்பாலோர் அங்கேயே திரும்பி விடுகிறார்கள். மிஞ்சியவர்களுக்குத் தூக்கமும் ஓய்வும் இல்லாத சில வாரங்கள். அதற்கும் பிறகுதான் உண்மையான பயிற்சி: கொச்சியில் நீரடிப் பயிற்சி, ஆக்ராவில் பாராசூட், மிஜோராமில் வைரெங்டே என்ற இடத்தில் காட்டுப் போர். எந்தக் கட்டத்திலும் "எனக்குப் போதும்" என்று சொல்லிவிட்டுப் பழைய வேலைக்குத் திரும்பலாம். அதில் அவமானம் எதுவும் இல்லை. யாரையும் கட்டாயப்படுத்தி இந்தப் படையில் வைத்திருப்பதில்லை. 2022 டிசம்பரில் பெண்களுக்கும் இந்தக் கதவு திறந்தது. அவர்களுக்கும் அளவுகோல் அதேதான்.

இவ்வளவு கடுமை எதற்கு என்று கேட்கலாம். 2008 நவம்பரில் மும்பை தாஜ் ஹோட்டலை நினைத்துப் பாருங்கள். டெல்லியிலிருந்து என்.எஸ்.ஜி. போய்ச் சேருவதற்கு முன், நள்ளிரவுக்குப் பின் இருட்டில் உள்ளே நுழைந்தவர்கள் மரைன் கமாண்டோக்கள். ஹோட்டலின் அமைப்பு அவர்களுக்குப் பழக்கமில்லை. அறைகளில் பொதுமக்கள் ஒளிந்திருந்தார்கள். அவர்களில் பிரவீண் குமார் தேவ்தியா என்ற வீரர் குண்டடி பட்டுப் பிழைத்து, சௌர்ய சக்ர விருது பெற்றார். பின்னாளில் அயர்ன்மேன் போட்டியையும் முடித்துக் காட்டினார். அப்படிப்பட்ட நேரத்தில் பக்கத்தில் நிற்பவன் தளர்ந்துவிட மாட்டான் என்ற உறுதி வேண்டும். அந்த உறுதிக்காகத்தான் முன்கூட்டியே இத்தனை சோதனை.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாமி தன் மகனை அழைத்துக்கொண்டு எங்கள் அகத்துக்கு வந்தார். பையன் பதினோராம் வகுப்பு. அவன் மார்கோஸைப் பற்றியே பேசினான். அம்மா அதிகம் பேசவில்லை. கடைசியில், "ஒரே பிள்ளை, மாமா. நான் கையெழுத்துப் போடலேன்னா என்னை மன்னிப்பானா?" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். நான் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "மார்கோஸ் கிடைக்கவில்லை, கப்பலில் என்ஜின் அறையில் போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள். அப்போதும் கடற்படை வேண்டுமா?" யோசித்துச் சொல்கிறேன் என்றான். பத்து நாள் கழித்து போன் செய்து, "வேணும் மாமா, யோசிச்சுட்டேன்" என்றான். அதன் பிறகு அவன் அம்மாவுக்கும் பேச்சு சுலபமாயிற்று.

இன்று நான் சொல்ல வந்ததும் இதுதான். பெயர் கொடுப்பவர்களில் கமாண்டோ ஆகிறவர்கள் ஒரு சிலரே. ஆகவே வீட்டில் பேச வேண்டியது கமாண்டோவைப் பற்றி அல்ல, கடற்படை வாழ்க்கையைப் பற்றி. மாதக்கணக்கில் கடலில் இருப்பான். தீபாவளிக்கு வரமாட்டான். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாலும் நினைத்தவுடன் கிளம்ப முடியாது. இதையெல்லாம் ஏற்றுக்கொண்டு கடற்படையையே விரும்புகிறவனுக்கு மார்கோஸ் கிடைத்தால் பாக்கியம். கிடைக்காவிட்டாலும் அவனுக்கு நஷ்டம் இல்லை.

வீட்டில் எழும் ஆட்சேபணைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது சாப்பாடு. கப்பலில் சைவ உணவு உண்டு. ஆனால் கமாண்டோ பயிற்சியிலும் போர்க்களத்திலும் கிடைப்பதை உண்ண வேண்டிய நாள் வரலாம். சந்தியாவந்தனம் தவறும் நாட்களும் இருக்கும். இதைப் பிள்ளையிடம் முன்பே மனம் விட்டுப் பேசிவிடுங்கள்.

இரண்டாவது, "நமக்கும் யுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்பது. இந்தியா கேட் அருகில் தேசியப் போர் நினைவகம் 2019-ல் திறக்கப்பட்டது. அங்கே பரமவீர சக்ர விருது பெற்றவர்களின் சிலைகளில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் சிலையும் இருக்கிறது. அவர் மும்பையில் நம் எஸ்.ஐ.இ.எஸ். பள்ளியிலும் கல்லூரியிலும் படித்தவர். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் உயிர் துறந்தார். குழந்தைகளை அங்கே ஒரு முறை அழைத்துப் போங்கள். பெருமைக்காக மட்டும் அல்ல. அந்தச் சுவர்களில் வரிசை வரிசையாகப் பொறித்திருக்கும் பெயர்களைப் படிக்கும்போது, இந்த வேலையின் விலை என்ன என்பது பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஒருங்கே புரியும். அதைப் பார்த்த பிறகும் பிள்ளை உறுதியாக இருந்தால், அது தொலைக்காட்சி பார்த்து வந்த ஆசை அல்ல.

தயாராக விரும்புகிறவர்களுக்குச் சில யோசனைகள். மாலுமித் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஆண்கள் ஆறரை நிமிடத்திலும், பெண்கள் எட்டு நிமிடத்திலும் ஓட வேண்டும். இன்றிலிருந்தே காலையில் ஓடப் பழகுங்கள். டெல்லியில் கடல் இல்லை; ஆனால் தல்கடோராவில் நீச்சல் குளம் இருக்கிறது. கண் பார்வைக்குத் தனி விதிகள் உண்டு. அறிவிப்பை எடுத்துப் போய்க் கண் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். கோச்சிங்கிற்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது. பணம் கொடுத்தால் சேர்த்துவிடுகிறேன் என்று எவன் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதிகாரப்பூர்வ அறிவிப்பைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம்.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இது. பயத்தினால் மறுக்காதீர்கள்; பெருமைக்காகத் தள்ளியும் விடாதீர்கள். பிள்ளையோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள். முன்வந்து கேட்பது அவன் உரிமை. தெரிந்து அனுப்புவது நம் கடமை.