ஊர் போட்ட முதல்

(பொதட்டூர்பேட்டையில் நெசவாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தறியை நிறுத்திவிட்டு, அதனால் இன்றைய கூலியில் ஒரு பகுதியை இழந்து, இந்தப் பந்தலுக்கு வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே!

சென்ற மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆண்டு விழாவுக்குப் பட்டணத்திலிருந்து ஒரு பிரசங்கியை வரவழைத்திருந்தார்கள். ஊரின் பெயரும் வேண்டாம், அவருடைய பெயரும் வேண்டாம். இரண்டுக்கும் அந்தப் பெருமை அநாவசியம். கணினித் தொழிலில் கோடீஸ்வரர்களானவர்களின் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டி, சூடம் கொளுத்தாத குறையாகத் துதித்து முடித்த பிறகு, எதிரே தரையில் உட்கார்ந்திருந்த நம் பிள்ளைகளைப் பார்த்து அந்தக் கனவான், "உங்கள் அப்பாக்கள் கையால் உழைத்தார்கள், தறியோடு நின்றுவிட்டார்கள், இவர்கள் மூளையால் உழைத்தார்கள், உலகத்தை ஆளுகிறார்கள்" என்று உபதேசித்தாராம். பிள்ளைகள் கைதட்டினார்களாம், கைதட்டும்படி வாத்தியார் முன்கூட்டியே சொல்லியிருந்தாராம். இந்த வார்த்தையைச் சகித்துக்கொண்டு போக என்னால் ஆகவில்லை. அதற்காகத்தான் இந்த மேடை ஏறினேன்.

அந்தப் பிரசங்கிக்கு நம்முடைய தறிக்கூடம் ஒன்றைக் காட்டியிருக்க வேண்டும். தறியின் மேலே ஏறி நிற்கும் ஜக்கார்டு பெட்டியையும், அதில் வரிசையாக ஓடும் ஓட்டை போட்ட அட்டைகளையும் காட்டியிருக்க வேண்டும். எந்த இழை மேலே எழ வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று அட்டையில் உள்ள ஓட்டை கட்டளையிட, அந்தக் கட்டளைப்படி பூவும் கொடியும் சேலையில் விழுகின்றனவே, அதுவன்றோ ஐயா, ஓர் இயந்திரத்துக்கு மனிதன் எழுதிவைத்த ஆணைத்தொடர்! பிரான்சு தேசத்து லியோன் நகரில், ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்த ஜக்கார்ட் 1804இல் அந்தத் தறியை உருவாக்கினார். அந்த அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கு இயந்திரத்துக்கு அட்டை வைக்க எண்ணினார். 1890இல் எடுத்த அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கை ஹாலரித் என்பவரின் இயந்திரம் எண்ணி முடித்ததும் ஓட்டை போட்ட அட்டைகளைக் கொண்டே. அவர் தொடங்கிய கம்பெனி வேறு கம்பெனிகளோடு இணைந்து பிற்காலத்தில் ஐ.பி.எம். ஆயிற்று. தறிதான் கணினிக்கு மூதாதை. மூதாதையைப் பார்த்து "உனக்கு மூளை இல்லை" என்று பேரப்பிள்ளையின் ஏஜெண்டு வந்து சொல்லுகிறான்! (கைதட்டல்)

இன்னொன்றும் கேளுங்கள். ஜக்கார்டும் தனியே ஆகாயத்திலிருந்து குதித்தவர் அல்லர். அவருக்கு முன்பே பூஷோன், ஃபால்கோன், வோகன்சோன் என்று மூவர் அதே வழியில் பாதி தூரம் நடந்திருந்தார்கள். பிரெஞ்சு அரசாங்கம் அந்தத் தறியைப் பொதுச் சொத்து என்று அறிவித்து, அவருக்கு உபகாரச் சம்பளமும், ஓடும் தறி ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு தொகையும் கொடுத்தது. கண்டுபிடித்தவனுக்கு மரியாதை, கண்டுபிடிப்பு ஊருக்கு. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சக்கரவர்த்தியின் ஆட்சியில் சாத்தியமான நியாயம் இது.

இப்பொழுது நம் தேசத்துக்கு வருவோம். 1981இல் ஏழு பேர் சேர்ந்து இன்ஃபோசிஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்த ஏழு பேரின் பெயரையும் இந்தக் கூட்டத்தில் சொல்லக்கூடியவர் யாராவது உண்டா? நாராயண மூர்த்தி என்பீர்கள், நந்தன் நிலேகணி என்பீர்கள், அதற்கு மேல் நாக்கு நகராது. (சிரிப்பு) கைமுதலாகப் போட்ட பத்தாயிரம் ரூபாயாவது நாராயண மூர்த்தியின் சம்பாத்தியமா என்றால், அது அவர் மனைவி சுதா மூர்த்தி சேர்த்து வைத்திருந்த பணம். அந்த அம்மையாரும் இஞ்சினியர்தாம். ஆனால் கணவன் மனைவி இருவரும் ஒரே கம்பெனியில் இருக்கலாகாது என்று கணவர் சொன்னதனால் அவர் வெளியே நின்றார். நம் வீடுகளில் விடியற்காலையில் எழுந்து தார் சுற்றும் தாய்மார்களே, உங்களுக்கு இந்தக் கதை புதிதா? நீங்கள் சுற்றிய நூலைக் கூலிக் கணக்கில் யார் தனியாக எழுதினார்கள்? அந்த அம்மையார் போட்ட முதலை மட்டும் எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

நாராயண மூர்த்தி படித்தது கான்பூர் ஐ.ஐ.டி.யில், அதைக் கட்டியது இந்திய மக்களின் வரிப்பணம். மென்பொருளைக் கடல்கடந்து அனுப்பச் செயற்கைக்கோள் இணைப்பு வேண்டியிருந்தபோது, 1991இல் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா என்ற அமைப்பை ஏற்படுத்தி அதைக் கொடுத்தது மத்திய அரசாங்கம். ஏற்றுமதி லாபத்துக்கு 2011 வரைக்கும் வருமான வரியில் விலக்கு அளித்ததும் அதே அரசாங்கம். நெசவாளிக்கு மின்சாரம் இலவசமாகக் கொடுத்தால் நாடு திவாலாகிவிடும் என்று பத்திரிகையில் கண்ணீர் வடிக்கிறவர்கள், அந்த வரி விலக்கைப் பற்றி ஒரு துளி வடித்ததுண்டா? தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கட்டிய இந்த ஊர்க்காரன் போட்ட முதலை எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

நம்மவர் சிவ நாடார் இருக்கிறார்; திருச்செந்தூர்ப் பக்கத்தில் பிறந்து, கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. கல்லூரியில் படித்து, 1976இல் எச்.சி.எல். நிறுவனத்தை நண்பர்களோடு தொடங்கினார். தமிழன் என்ற பெருமை எனக்கும் உண்டு. அந்தப் பெருமைக்காகக் கணக்கை மறைக்க முடியாது. உத்தரப் பிரதேச அரசாங்கம் பங்குதாரராகக் கைகொடுத்தது. அந்நியச் செலாவணிச் சட்டத்துக்குக் கட்டுப்பட மறுத்து 1978இல் ஐ.பி.எம். இந்தியாவைவிட்டுப் போனதும் சந்தை காலியாயிற்று. அவருடைய சாமர்த்தியம் உண்மை. சர்க்கார் திறந்துவிட்ட கதவும் உண்மை. முதலாவதற்கு மாலை போடுகிறார்கள். இரண்டாவதை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை!

வெளிதேசத்து வேடிக்கை ஒன்று சொல்லுகிறேன். டெஸ்லா கார்க் கம்பெனியை 2003இல் பதிவு செய்தவர்கள் எபர்ஹார்ட், டார்பென்னிங் என்ற இருவர். ஈலான் மஸ்க் மறு வருஷம் பணத்தோடு வந்தார். பிறகு எபர்ஹார்ட் வழக்குப் போட, 2009இல் சமரசமாகி, மஸ்க் உட்பட ஐந்து பேர் தங்களை நிறுவனர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஏற்பாடாயிற்று. பிள்ளை பிறந்த பிறகு தகப்பன்மார் ஐவர் என்று பத்திரம் எழுதிக்கொண்ட குடும்பத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. (பெருஞ்சிரிப்பு) அந்தக் கம்பெனிக்கு 2010இல் அமெரிக்க அரசாங்கம் கொடுத்த கடன் 46 கோடியே 50 லட்சம் டாலர். கடனை அடைத்துவிட்டார்கள், மறுக்கவில்லை. முதலில் யார் நம்பிக் கொடுத்தார் என்பதுதான் என் கேள்வி.

மறுதரப்பார் என்ன சொல்லுகிறார்கள்? "அவர் துணிந்தார், நீ துணியவில்லை" என்பார்கள்; ஐந்தாறு லட்சம் கடன் வாங்கி விசைத்தறி போட்டு, நூல் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் மனிதனுக்குத் துணிவைப் பற்றிப் பாடம்! "அவர் இல்லாவிட்டால் வேலையே இல்லை" என்பார்கள். வேலைக்காரர் இல்லாவிட்டால் அவர் யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ளுகிறேன். இன்ஃபோசிஸ் தன் ஊழியர்களுக்குப் பங்குகள் கொடுத்ததுண்டு. திருச்சிக்காரர் கிரீஷ் மாத்ருபூதம் நடத்திய ஃபிரஷ்வொர்க்ஸ் நிறுவனம் 2021இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் ஏறியபோது, ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரரானார்கள். நல்ல காரியம், ஆனால் பங்கு கொடுத்ததன் மூலம் அந்த முதலாளிமாரே என் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டார்கள், வெற்றி பலர் சேர்ந்து ஆக்கியது என்று!

இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவில் கிடந்த நம் திருத்தணித் தாலூகா 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதற்காகப் போராடிய ம.பொ.சி.யின் பெயரை நன்றியோடு சொல்லுகிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவருக்கு முன்பே ஊர் ஊராகத் தமிழ் கற்பித்துக் கிளர்ச்சிக்கு வித்திட்ட மங்கலங்கிழாரையும், வழக்கறிஞர் விநாயகத்தையும், சிறைக்குப் போன பெயர் தெரியாத எத்தனையோ பேரையும் மறந்தால் அது சரித்திரமாகுமா? "திருத்தணியை ஒருவர் தம் மூளையால் மீட்டார்" என்று எவனாவது இங்கே பேசினால் நம் பாட்டிமார்களே அவனை மேடையிலிருந்து இறக்கிவிட மாட்டார்களா?

இனி என் வயிற்றெரிச்சலைச் சொல்லுகிறேன். 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். பலர் ஆக்ஷேபித்த பிறகும் அதையே வலியுறுத்தினார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் தறியோடு நிற்கும் ஊரில் வந்து இதைச் சொல்லட்டும்! எழுபது மணி உழைத்தால் கோடீஸ்வரராகலாம் என்றால் பொதட்டூர்பேட்டையில் வீட்டுக்கு இரண்டு கோடீஸ்வரர் இருக்க வேண்டுமே! புதிதாகச் சேரும் இஞ்சினியர் பையனுக்குப் பெரிய கணினிக் கம்பெனிகள் கொடுக்கும் சம்பளம் பத்தாண்டுகளுக்கு மேலாக வருஷத்துக்கு மூன்றரை லட்சத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. அதே காலத்தில் தலைமை அதிகாரிகளின் சம்பளம் எங்கே போயிற்று? 2024–25இல் இன்ஃபோசிஸ் தலைமை அதிகாரிக்கு 80 கோடி ரூபாய். அந்த வருஷமே, 2025 பிப்ரவரியில், மைசூரில் பயிற்சிக்கு வந்த 300க்கும் மேற்பட்ட இளைஞர்களை, உள்தேர்வில் தேறவில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்; அவர்களிற் பலர் வேலை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர்கள். லாபம் வந்தால் நிறுவனரின் தீர்க்கதரிசனம். தேறாவிட்டால் பையனின் குற்றம்! இது எந்த ஊர் நியாயம்?

அந்தப் பையன்கள் யார்? நம் பிள்ளைகள். சத்துணவு சாப்பிட்டு, சர்க்கார் பள்ளியில் படித்து, முதல் தலைமுறைப் பட்டதாரி என்று கட்டணச் சலுகை பெற்று, மிச்சத்துக்குத் தாயின் தாலிச் சரடு அடகுக் கடைக்குப் போய், அப்புறம் பட்டணத்துக்குப் போனவர்கள். 1982இலிருந்து சத்துணவுக் கூடத்தில் வெந்த சோறு ஒவ்வொரு பிடியும் அந்தக் கண்ணாடி மாளிகைகளுக்கு இந்த மாகாணம் போட்ட முதல். அதை எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

நான் அவர்களுடைய கீர்த்தியைப் பிடுங்க வரவில்லை. ஒரு கம்பெனியை நிர்வகிக்கத் திறமை வேண்டும். திறமைக்குச் சம்பளமும் மரியாதையும் உரியவை. ஆயிரம் பேர் ஆக்கியதற்கு ஒருவரே கர்த்தா என்பதும், அந்த ஆயிரம் பேரின் தகப்பன்மார் மூளையற்றவர்கள் என்பதும் பச்சைப் பொய். அந்தப் பொய்யைக் குழந்தைகளுக்குப் போதிப்பது பாவம்.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கிறேன். அரசாங்கத்தினிடம் நிலமோ, வரிச் சலுகையோ, மானியமோ பெறும் எந்தக் கணினி நிறுவனமும், பெற்றது எவ்வளவு, அதற்கு ஈடாக எத்தனை பேருக்கு வேலை கொடுத்தது, கடைநிலையில் சேர்ந்தவனுக்கு என்ன சம்பளம் கொடுத்தது என்பதை ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்று சட்டம் செய்யும்படி மாநில, மத்திய அரசாங்கங்களை இந்தக் கூட்டம் கேட்டுக்கொள்ளுகிறது. தாள் இதோ, மேஜைமேல் இருக்கிறது. ஒருவர் தவறாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும்படி உங்களை வேண்டிக்கொண்டு அமர்கிறேன்.