உரிமம் கேட்க மறுத்த ஏடு

(சந்தா சேர்ப்பு இயக்கத்தையொட்டி நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஓராண்டுக் காலமே உயிர்வாழ்ந்த ஒரு பாரசீக வார ஏட்டைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். மிராத்-உல்-அக்பார் என்பது அதன் பெயர்; செய்திகளின் கண்ணாடி என்று பொருள். 1822 ஏப்ரலில் கல்கத்தாவில் ராஜாராம் மோகன் ராய் அதனைத் தொடங்கினார். கம்பெனி ஆட்சியின் நீதிமன்றங்களில் அன்று பாரசீகமே வழங்கியது. அயர்லாந்து மக்களின் துயரத்திற்கு, அங்கே வாழாமலே குத்தகையை உறிஞ்சிய நிலப்பிரபுக்களைக் காரணம் காட்டி அந்த ஏடு எழுதியது. கல்கத்தாவில் அதைப் படித்தவர்களுக்கு அயர்லாந்து தொலைவில் இருப்பதாகத் தோன்றியிராது.

1823இல் தற்காலிக கவர்னர் ஜெனரலாக இருந்த ஜான் ஆதம், கல்கத்தா ஜர்னல் ஆசிரியர் பக்கிங்ஹாமை நாடு கடத்தினார். மார்ச் மாதம் பத்திரிகைகளுக்கு உரிமம் கட்டாயமாக்கப்பட்டது. கொடுத்த உரிமத்தை அரசு நினைத்தபோது பறிக்கலாம். ராம் மோகன், துவாரகநாத் தாகூர் முதலானோர் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தனர். நீதிபதி மக்நாட்டனோ, வாதத்தைக் கேட்குமுன்பே இச்சட்டத்திற்கு இசைவு தருவதாக அரசுக்கு வாக்களித்துவிட்டதை வெளிப்படையாகவே கூறினார்! மனு தள்ளுபடியானது.

ராம் மோகன் உரிமம் கேட்கவில்லை. ஏட்டை நிறுத்தினார். அதிகாரிகளின் வாயிலில் காத்துக் கிடப்பதும், பெற்ற உரிமம் எந்நேரமும் பறிபோகும் அச்சத்தோடு எழுதுவதும் தன்மானத்திற்கு இழுக்கு என்று இறுதி இதழில் விளக்கினார். மன்னருக்கு அனுப்பிய மேல்முறையீடும் பயன் தரவில்லை. மெட்காஃப் 1835இல் இவ்விதிகளை நீக்கினார். 1878இல் இந்திய மொழி ஏடுகளை மட்டும் குறிவைத்து அடக்குமுறை மீண்டும் வந்தது.

ராம் மோகன் நிலவுடைமையாளர். ஆங்கில ஆட்சியால் நன்மை விளையும் என நம்பியவர். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பத்திரிகைச் சுதந்திரம் ஆள்வோருக்கே நல்லது என்றுதான் அவர் வாதாடினார். அத்தகையவரையும் அந்த அரசு பொறுக்கவில்லை. ஆயினும் நிறுத்துவதே அவருக்கு இருந்த ஒரே எதிர்ப்பு வழி. ஏட்டைத் தம்முடையதாகக் கருதிக் கைக்குக் கை கடத்தும் உழைப்பாளி வாசகர்கள் அவருக்குப் பின்னால் இல்லை. தடைக் காலங்களில் நம் இயக்க ஏடுகளுக்கு அத்தகையோர் இருந்தனர்.

200 ஆண்டுகள் கழித்து, 2023இல், பத்திரிகைகள், பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டவிரோதச் செயலுக்காகத் தண்டிக்கப்பட்டவர் இதழ் நடத்த முடியாது. அரசின் பாதுகாப்பிற்கு எதிராகச் செயல்பட்டவர் என்றாலும் அதே கதி. யார் அப்படிப்பட்டவர் என்று முடிவு செய்வது யார்? அடுத்த கிளைக் கூட்டத்தில் சந்தாக் கணக்கோடு அச்சட்டத்தின் பிரிவுகளையும் வரிவரியாகப் படித்து விவாதிக்குமாறு தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.