தேங்கிய தண்ணீர்



டெல்லி கிட்வாய் நகரில் ஒரு அம்மா பழைய வாளியில் கீரை விதைத்தார். தினமும் தண்ணீர் ஊற்றினார். வாளியில் ஓட்டை இல்லை. வேர் அழுகிப் போனது.

அடுத்த முறை அடியில் ஓட்டை போட்டார். மண்ணோடு மக்கிய சாணி எரு கலந்தார். கீரை தழைத்தது.

மழைக்காலம் வந்தது. வாளிக்கு அடியில் வைத்த தட்டில் தண்ணீர் தேங்கியது. அதில் கொசுப்புழு நெளிந்தது! டெங்கு கொசு இப்படிப்பட்ட தண்ணீரில்தான் வளரும். முட்டை கொசுவாக மாறச் சுமார் 10 நாள் போதும். 1996-இல் டெல்லியில் டெங்கு காய்ச்சலால் 400 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கொசு முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் சாகாது. எனவே அந்த அம்மா வாரம் ஒரு முறை தட்டைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்க்கிறார்.

செடிக்குத் தண்ணீர் வேண்டும். தேங்கிய தண்ணீர் வேண்டாம். உங்கள் வீட்டுத் தட்டுகளை இன்றே பாருங்கள்.