மழைக்கோட்டுக்காக ஓர் ஓட்டம்

(வெள்ளிமலையில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் நடுநிலைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் உடற்கல்வி ஆசிரியர் இல்லை, கணக்கு ஆசிரியர். அரை மாரத்தான் ஓடிய கதையைச் சொல்லச் சொன்னார்கள். அதன் தூரம் 21.0975 கிலோமீட்டர்; முழு மாரத்தானான 42.195-இல் சரிபாதி. அந்தக் கடைசி 97 மீட்டரைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ஓடியவர்களுக்குத்தான் தெரியும் அதன் நீளம்.

2019 ஐப்பசியில் தொடங்கியது இது. நம் மலையில் மழை பிடித்துக்கொண்டால் வருகைப் பதிவேடு என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். சிற்றூர்களிலிருந்து நடந்து வரும் பிள்ளைகள் நனைந்துவிடுகிறார்கள். நனைந்த சீருடை இந்தக் குளிரில் ஒரே நாளில் காய்வதில்லை. மறுநாள் பாதி வகுப்பு காலி. 64 பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு மழைக்கோட்டு, ஒன்று 350 ரூபாய் என்று கணக்குப் போட்டேன். 22,400 ரூபாய் வந்தது. என் சம்பளத்திலேயே வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வீட்டுக்கடன் தவணை இருந்தது, மறைப்பானேன்.

பெற்றோர் கூட்டத்தில், “நான் 21 கிலோமீட்டர் ஓடப்போகிறேன், நண்பர்களிடம் பணம் கேட்கப்போகிறேன்” என்றேன். ஒரு தகப்பனார் எழுந்து, “நீங்க ஓடுறதுக்கு அவங்க எதுக்கு சார் காசு தரணும்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகு ஃபௌஜா சிங்கைப் பற்றிப் படித்தேன். பஞ்சாபில் பிறந்து, வயதான காலத்தில் லண்டனில் குடியேறியவர். மனைவியையும் மகனையும் இழந்த துக்கத்தில் ஓடத் தொடங்கி, 2000-இல் 89 வயதில் லண்டன் மாரத்தானில் ஓடினார். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்காக உழைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு அந்த ஓட்டத்தின் மூலம் நிதி திரட்டினார். 2011-இல் டொரன்டோ மாரத்தானையும் ஓடி முடித்தார். கடவுச்சீட்டின்படி அப்போது அவருக்கு வயது 100. ஆனால் பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதி எழுதத் திண்டாடும் நமக்கு இது புதிதா என்ன? 2025 ஜூலையில் சொந்த ஊரில் சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி இறந்தார்.

அந்தத் தகப்பனாருக்கு அடுத்த கூட்டத்தில் இப்படிச் சொன்னேன்: “சும்மா கேட்டா நாளைக்குப் பார்க்கலாம்னு சொல்லுவாங்க. ஒரு தேதி குறிச்சு, நான் கஷ்டப்படப்போறேன்னு சொல்லிக் கேட்டா, அந்தத் தேதிக்குள்ள குடுத்துடுவாங்க.” அவருக்கு முழுத் திருப்தி இல்லை. எனக்கும்தான்.

பயிற்சி கரியாலூர் சாலையில். முதல் நாள் ஒரு கிலோமீட்டருக்குள் மூச்சு வாங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்து, மருத்துவரிடம் கேட்டுவிட்டு, ஓட்டமும் நடையுமாகத் தூரத்தைக் கூட்டினேன். பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். பக்கத்தில் யாரும் வரவில்லை. வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு ஓடினேன். ஒரு நாள் ஏற்றத்தில் எங்கள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பையும் செருப்புமாக, “குட் மார்னிங் சார்” என்று என்னைக் கடந்து ஓடினாள். அவளுக்கு அது பள்ளிக்கு வரும் வழி, அவ்வளவுதான்.

சென்னை நண்பர் ஒருவர், “நனைந்த குழந்தையின் படம் ஒன்று அனுப்பு, பணம் வேகமாக வரும்” என்றார். நானும் கைபேசியைத் தூக்கினேன். ஈரத் தலையோடு நின்ற சிறுமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. கைபேசியைப் பையில் வைத்துவிட்டேன். படம் இல்லாமல் 64, 350, 22,400 என்ற மூன்று எண்களை மட்டும் எழுதி அனுப்பினேன். பணம் மெதுவாகத்தான் வந்தது. இன்றைக்கும் நிதி கேட்டு வரும் அறிக்கைகளில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் எனக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வருகிறது.

2020 பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தானில் ஓடினேன். செம்மண் பாதை, மரநிழல், பரிசு கிடையாது. 16-ஆவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மீதியைப் பெரும்பாலும் நடந்தேன். மூன்று மணி நேரம் தாண்டிவிட்டது. யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. மழைக்கோட்டுகள் ஜூனில் வந்து சேர்ந்தன, போட்டுக்கொள்ள வகுப்பில் பிள்ளைகள் இல்லை. வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவற்றைப் போட்டுக்கொண்டு சிலர் ஆடு மேய்த்தார்கள். ஒரு வீட்டில் அதை விரித்து மரவள்ளிக் கிழங்கு காயவைத்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று முதல் எட்டு வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல் மீண்டும் திறந்தன. அந்த மாதம் நல்ல மழை. கோட்டு அண்ணன்மாருக்குச் சிறிதாகியிருந்தது. முதன்முறையாகப் பள்ளி வந்த தம்பி தங்கைகள் கணுக்கால் வரை தொங்கத் தொங்கப் போட்டு வந்தார்கள். கேள்வி கேட்ட அந்தத் தகப்பனாரின் இளைய மகனும் வந்தான். கையை மூன்று மடிப்பு மடித்துவிட்டிருந்தார்கள்.