உழைத்த கால்களுக்கு ஒரு கை

(கொண்டப்பநாயக்கன்பட்டி சேரியில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேர்வராயன் மலை அடிவாரத்துல உட்கார்ந்து பேசிக்கிட்டு இருக்கோம். இந்தப் பக்கத்துல வெள்ளைக்கல் வெட்டினவங்க, விறகு சுமந்தவங்க, அடுத்தவன் வயல்ல குனிஞ்சு நாத்து நட்டவங்க, இன்னைக்கு எழுந்து நிக்கச் சுவத்தைப் பிடிக்கிறாங்க. எங்க ஆயாவும் அப்படித்தான். முட்டிவலின்னு ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். 'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் கை மேசையைத் தாண்டி வரவேயில்லை.

'காலமெல்லாம் உழைச்ச உடம்பு, இதுக்குப் பயிற்சி எதுக்கு?' என்று நம்ம ஆட்களே கேட்கிறார்கள். உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைப்பின் அளவைப் பண்ணைக்காரனும் மேஸ்திரியும் முடிவு செய்தார்கள். ஒரே முட்டி, ஒரே இடுப்பு தேய்ந்தது. பயிற்சியின் அளவை நம் உடம்பு முடிவு செய்கிறது. தேய்ந்த மூட்டு பழையபடி வளராது. ஆனால் அதைத் தாங்குகிற தொடைத் தசையை எந்த வயதிலும் வலுவாக்கலாம். வலி குறையும், நடை தேறும்.

கீழே விழுவதும் விதியல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2019இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பு, உடற்பயிற்சி செய்யும் முதியோரிடம் விழுவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவதாகச் சொல்கிறது.

பிறகு ஒரு இயன்முறை மருத்துவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். தரையில் உட்கார்ந்து ஆயாவின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். ஆயா பதறிப்போச்சு. 'வேணாம் கண்ணு, என் காலையா?' என்றது. எழுபது வருஷம் இந்த ஊர் தொடாத கால் தோழர்களே! அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முட்டியை மடக்கி நீட்டினார். உட்கார்ந்தபடி காலை நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்துவது, நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பது. இவ்வளவுதான் கற்றுக்கொடுத்தது. மூன்று மாதத்தில் ஆயா தானே ரேஷன் கடைக்குப் போய் வந்தது.

இது யாரோ போட்ட பிச்சையில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் சேர்க்கப்பட்டது. கேள்வி ஒன்றுதான்: தேடி வருகிற வண்டி ஊரோடு நின்றுவிடுகிறதா, சேரிக்கும் வருகிறதா?

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்றேன். தெருத்தெருவாகப் போய், நடக்க முடியாத பெரியவங்க பெயரை எழுதுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்து, எந்த நாளில் வருவாங்கன்னு கேளுங்க. வராவிட்டால் மறுபடி போய்க் கேளுங்க.

நம்மைத் தோளில் சுமந்தவர்கள் கடைசிக் காலத்தில் தவழக் கூடாது. நிமிர்ந்து நடக்கட்டும்.